இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் களி கிண்டலாமா?

ஜூலை 27, ஞாயிறு, இரவு 9.40
(கேட்டவர்: கிருஷ்ணகிரி வாசகி ஒருவர்)

திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் பெரியவர்களும் இல்லை, குழந்தைகளும் இல்லை. இருவருக்காக மட்டும் களி கிண்டுவதும், குழம்பு கூட்டுவதும், ஆடி பிறந்தால் அதற்கென்று ஏதாவது செய்வதும் வீண் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடையில் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தால் முடிந்தது. பண்டிகை என்றால் ஊருக்குப் போய்விடலாம். இருவர் மட்டும் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜூலை 28, திங்கள், இரவு 10.15

இருக்கிறோம். தருமபுரியில், நான்கு ரோட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், மாடி வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறார். மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் அவருக்கு இரவு வேலைதான். இந்த ஆண்டு மே மாதக் கடைசியிலிருந்து நேற்று வரை, ஒரே வீட்டில் இருந்தும், வார நாளில் ஒரு வேளைகூட நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் விடியற்காலையில் வந்து படுப்பார். நான் ஒன்பது மணிக்குக் கிளம்புவேன். நான் திரும்பும்போது அவர் பேருந்தில் ஏறியிருப்பார். மூடி வைத்த தட்டு மட்டும் இருவருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. நேற்றோடு அந்த இரவு வேலை முடிந்தது. அதனால் உங்கள் கேள்வி எனக்குச் சரியான நாளில் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று இரவு களி கிண்டினோம். கிண்டினேன் என்று எழுதாமல் கிண்டினோம் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. களி ஒருவர் செய்யும் வேலையே அல்ல. உலை கொதித்ததும் ஒரு பிடி நொய்யைப் போட்டு வேகவிட்டு, கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், கோலால் நடுவில் ஒரு துளை மட்டும் போட்டு, தணலைக் குறைத்து மூடிவிட வேண்டும். மாவின் பச்சை வாசனை போய் மண் வாசனை போன்ற ஒன்று எழும்போது பாத்திரத்தை இறக்கிப் பிரிமனை (பாத்திரம் உருளாமல் நிற்க அடியில் வைக்கும் வளையம்) மேல் வைத்துக் கிண்ட வேண்டும். அந்த இடத்தில்தான் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார். இறுகிய மாவைக் களிக்கோல் இழுக்கும்போது பாத்திரமும் சேர்ந்து சுற்றும். அதைச் சுற்றவிடாமல் பிடிக்கத்தான் கவைக்கோல். என் மாமியார் எனக்குக் கொடுத்த பொருள்களில் நான் அதிகம் பயன்படுத்துவது அதுதான். கருத்து, நுனி வழுவழுப்பாகத் தேய்ந்து, இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரு கோல். என் கணவர் தரையில் உட்கார்ந்து, அதைப் பாத்திரத்தின் கழுத்தில் மாட்டி, இரு பக்கமும் பாதங்களால் அழுத்திக் கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்து கிண்டினேன். அந்த ஐந்து நிமிடமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடிதான் இருந்தாக வேண்டும். இரண்டு மாதத்தில் அவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்க்கவில்லை. வலது புருவத்தில் ஒரு நரை முடி வந்திருக்கிறது.

தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல், சின்ன வெங்காயம். உருண்டையின் நடுவே குழி பறித்துக் கடைசலை ஊற்றி, பல்லில் படாமல் விழுங்கினோம். களி கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜூலை 28, திங்கள், இரவு 11.05

அளவு எழுத மறந்துவிட்டேன். இருவருக்கு ஒரு டம்ளர் மாவு, ஒன்றரை டம்ளர் தண்ணீர்.

ஜூலை 29, செவ்வாய், காலை 7.20

மேலே எழுதிய அளவு தவறு. காலையில் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், தொலைபேசியில் கட்டி தட்டியதைச் சொன்னபோது, எவ்வளவு தண்ணீர் வைத்தாய் என்றுதான் முதலில் கேட்டார். அவர்கள் வீட்டில் ஆறு பேர். அங்கே வைக்கும் அளவை நான் மூன்றால் வகுத்து இருவருக்கு வைத்திருந்தேன். கணக்கு எழுதுகிறவள் என்பதால் அது சரியென்றே நினைத்தேன். ஆனால் அடுப்பு அப்படி வகுப்பதில்லை. பாத்திரத்தின் வாய் அகலம் அதேதான். ஆவியாகப் போகும் தண்ணீரும் ஏறக்குறைய அதேதான். பெரிய உலையில் அந்த இழப்பு தெரிவதில்லை, சின்ன உலையில் தெரிந்துவிடுகிறது. ஆகவே மாவு குறையும்போது அதற்கேற்ற தண்ணீர் அதே விகிதத்தில் குறையக் கூடாது. ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளருக்குக் குறையாமல் வையுங்கள். மிஞ்சினால் கிண்டுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் திரும்ப ஊற்றலாம். இதையும் அத்தைதான் சொன்னார்.

மாவு எங்கே வாங்குவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தருமபுரி மாவட்டத்தில் இருந்தால் ரேஷன் கடையில் கேளுங்கள். 2023-இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் அரிசியில் 2 கிலோவைக் குறைத்து 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இருவர் இருக்கும் வீட்டுக்கு அது தாராளம். தானியமாக வாங்கி, கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது நல்லது. பொட்டல மாவில் அந்த மண் வாசனை எழுவதில்லை.

ஜூலை 29, செவ்வாய், இரவு 9.50

தண்ணீரைப் பற்றிக் காலையில் எழுதியதிலிருந்து அதுவே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. களிக்கு எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கீழ்வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கொள்ளு வேக இரண்டு விசில் கூடுதலாக வேண்டும். பருப்பு மசியாமல் நிற்கும். ஒகேனக்கல் குடிநீரில் அதே பருப்பு குழைந்துவிடுகிறது. ஆகவே குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் தனியாகப் பிடித்து வைக்கிறோம். எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை வரும்.

இதில் சுவை மட்டுமல்ல, வேறொன்றும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேலான தண்ணீரைப் பல் வளரும் வயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்துவிடும். பின்னால் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் அவை போவதில்லை. கொதிக்க வைத்தாலும் புளோரைடு நீங்காது. என் கணவர் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். எங்கள் திருமணப் படம் ஒவ்வொன்றிலும் உதட்டை மூடியேதான் சிரித்திருப்பார். பெண் பார்க்க வந்த அன்று அவர் அதிகம் பேசாததற்கும் அதுதான் காரணம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அவருடைய அண்ணன் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். அவள் வாயைத் திறந்து சிரிக்கும்போதெல்லாம் அத்தை அவள் பற்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைய சாப்பாடு: இட்லி, தக்காளித் தொக்கு. பாலக்கோட்டுத் தக்காளி.

ஜூலை 30, புதன், காலை 6.45

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு ஒரு நீலம் பழத்தை இருவரும் பகிர்ந்துகொண்டோம். பருவத்தின் கடைசிப் பழம் அதுதான். தொழிற்சாலையில் கூழாகப் போவது பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. சாப்பிட நாங்கள் விரும்புவது நீலம். இரண்டு கன்னங்களையும் அறுத்து ஆளுக்கு ஒன்று, கொட்டை மட்டும் முறை வைத்து. நேற்று என் முறை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, வண்டி வண்டியாகப் பெங்களூராவை ஏற்றிக்கொண்டு வந்து, இறக்க முறை வராமல் இரண்டு இரவு டிராக்டரின் கீழேயே படுத்திருந்த ஒரு விவசாயியைப் பற்றிச் சொன்னார். பழம் கனிந்து வெயிலில் கசியத் தொடங்கிவிட்டதாம். என்ன விலை கிடைத்ததென்று நான் கேட்கவில்லை. கொட்டையைச் சுவைத்து முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பாதியில் அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 30, புதன், இரவு 10.30

ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சேலம், தருமபுரி, நாமக்கல், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களில் இருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கி பதினெட்டாம் நாள் முடிந்ததாகவும், அந்தத் தொடக்கத்தை நினைத்துத் தேங்காய் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைப்பதாகவும் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த ஆண்டு ஆடி முதல் நாள் வியாழக்கிழமை. அவர் பாய்லருக்கு முன்னால் இருந்தார். நான் தேங்காயை வாங்கி வைத்துவிட்டு, தனியாகச் சுட மனமில்லாமல், அரிசித் தவலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இன்று ஆடி 14. சுட்டுவிட்டோம். நாள் தப்பிப்போன பண்டிகையைச் செய்யலாமா என்று சாத்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் பிள்ளையாரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன்.

செய்முறை கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன். குடுமி உட்பட நாரை முழுவதும் நீக்கி, ஓட்டைக் கருங்கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். சிறு வயதில் தெருவில் உட்கார்ந்து, யார் தேங்காய் அதிகம் பளபளக்கிறது என்று போட்டி போடுவோம். மூன்று கண்களில் மெல்லியதைத் திறந்து, தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து, ஊறிய பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, பொடித்த வெல்லம் ஆகியவற்றை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. அரிசி வெந்து பெருக இடம் வேண்டும். பிறகு தேங்காய்த் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய குச்சியால் கண்ணை இறுக்கமாக அடைத்து, ஓட்டில் மஞ்சள் பூசித் தணலில் வாட்ட வேண்டும்.

மாடியில் நான்கு செங்கல்லை வைத்துத் தீ மூட்ட வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டேன். அனுமதித்ததோடு அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். அழிஞ்சில் குச்சி ஆடி முதல் நாளன்றுதான் தெருவில் விற்கும். இன்று எங்கே தேடுவது? என் கணவர் மாங்குச்சி ஒன்று கொண்டுவந்திருந்தார். அவர் குச்சியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்ட, நான் விசிறினேன். ஓடு கருத்து, வெடித்து, வெல்லப்பாகு ஒரு துளி வெளியே கசிந்து தீயில் விழுந்து புகைந்தது. அந்த வாசனைக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர் தங்கள் மாடிச் சுவரில் ஏறி நின்று பார்த்தார்கள். கூப்பிட்டோம், வந்தார்கள். ஒரு தேங்காய் ஐந்து பேருக்குச் சரியாக இருந்தது.

ஜூலை 31, வியாழன், காலை 7.00

மாங்குச்சி வேண்டாம். ஈரமான குச்சி என்பதால் கண்ணுக்கு அருகிலிருந்த அரிசியில் துவர்ப்பு இறங்கிவிட்டது. அழிஞ்சில் கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த குச்சியாக எடுங்கள்.

ஜூலை 31, வியாழன், இரவு 10.50

இன்று சம்பளம். திங்கட்கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டு, கடைச் சாப்பாட்டை நான் குறைவாக நினைப்பதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்தது உண்மைதான். இன்று அதை மாற்றிக்கொள்கிறேன்.

மாதக் கடைசி நாளில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பரோட்டா சாப்பிடுவது எங்களுக்கு ஒன்பது ஆண்டு வழக்கம். மூன்று மாதமாக விட்டுப்போயிருந்தது. அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்காருவோம். மாஸ்டர் பிசைந்த மாவை உருட்டி, எண்ணெயில் ஊறவிட்டு, பலகையில் வீசி வீசித் துணிபோல் விரித்து, சுருட்டி வைக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பசியே கொஞ்ச நேரம் மறந்துபோகும். சுட்டு அடுக்கிய பரோட்டாக்களை இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கும் அந்தச் சத்தம் வீட்டில் வராது. ஆளுக்கு இரண்டு பரோட்டா, சால்னா, நடுவில் ஒரு ஆம்லெட். பிறகு காந்தி சிலைப் பக்கம்வரை நடந்து, ஒரு முழம் மல்லிகை.

ஆக நான் சொல்ல வந்தது வீட்டுச் சாப்பாடா கடைச் சாப்பாடா என்பது அல்ல. பொட்டலம் வாங்கிவந்து ஆளுக்கொரு நேரத்தில் பிரித்துச் சாப்பிட்ட இரண்டு மாதத்தில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த நான்கு நாளில் சாப்பிட்டதை உப்பு எவ்வளவு என்பதுவரை சொல்லுவேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி, இரவு 9.30

ஆடி வெள்ளி. காலையில் குளித்துவிட்டுக் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். மல்லிகார்ச்சுனேசுவரரும் காமாட்சியம்மனும் உள்ள கோயில்; நுளம்பர் காலத்துக் கட்டடக்கலையைப் பார்க்கிறவர்களும், தரையில் முழுமையாகப் படியாமல் தொங்கும் தூண்களைப் பார்க்கிறவர்களும் வருவார்கள். தூணுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்து மறுபக்கம் எடுப்பது எல்லோரும் செய்வது. திருமணமான வாரத்தில் நாங்களும் செய்திருக்கிறோம். இன்று செய்யவில்லை; கூட்டம்.

திரும்பும் வழியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ், நொய் மிதக்க, மோரும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து. நூறு பேருக்கு மேல் காய்ச்சிய அண்டாக் கூழுக்கு ஒரு சுவை உண்டு; செவ்வாய்க்கிழமை நான் எழுதிய கணக்கு இங்கேயும் பொருந்தும். அதை இருவருக்கென்று வீட்டில் காய்ச்சினால் வராது, முயன்றும் பார்த்திருக்கிறேன். சில உணவு கூட்டத்தில்தான் வாங்கிக் குடிக்க வேண்டும். ஆகவே கிருஷ்ணகிரி வாசகி, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றைச் சொல்லத் தயங்கினேன், ஆனால் உங்கள் கேள்வியில் குழந்தைகள் இல்லை என்ற வரி இருந்ததால் சொல்கிறேன். திங்கட்கிழமை ஆடிப்பூரம். அம்மனுக்குச் சாத்திய கண்ணாடி வளையல்களை வீட்டுக்கார அம்மா எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் சில ஆண்டுகளில் அவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அழுதிருக்கிறேன். இந்த ஆண்டு ஆறு பச்சை, ஆறு சிவப்பு, வாங்கியவுடன் போட்டுக்கொண்டேன். களி கிண்டும்போது சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை பிறந்த பிறகுதான் வீட்டில் பண்டிகை என்று காத்திருந்து நாங்கள் விட்ட ஆடிகள் நான்கு. அவற்றை நினைத்துத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி, இரவு 11.15

உழவர் சந்தையில் காலை ஆறரைக்கே கூட்டம். எலுமிச்சை, மாங்காய், தேங்காய், கறிவேப்பிலை, மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி. மஞ்சள் கிழங்குக்கு அலைந்தேன். நாளை ஆடிப்பெருக்கு. விடியற்காலைப் பேருந்தில் ஒகேனக்கல் போவதாக ஒரு மாதமாகப் பேசி வைத்திருந்தோம். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், அன்றைய நெரிசலில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காவிரிக் கரையில் காப்பரிசி வைத்துப் படைத்து, மீன் பொரிக்கும் கடைகளை வேறொரு நாளைக்கு விட்டுவிட்டு, சித்திரான்னம் சாப்பிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து அவருக்கு அழைப்பு. பருவம் முடிந்து குழாய்களைக் கழுவி அடைக்கும் வேலைக்கு நாளை பகல் இரண்டு மணிக்கு வந்துவிட வேண்டுமாம். பண்டிகையென்று தெரிந்தும், முதல் நாள் மாலையில் சொல்வது எந்த வகையில் சரி? அவர் சரியென்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். முடியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் கோபப்பட்டேன். ஒப்பந்த வேலையில் இருக்கிறவன் முடியாதென்று எத்தனை முறை சொல்ல முடியும் என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் பேசவில்லை. வாங்கிவந்த எலுமிச்சை மேசையிலேயே கிடந்தது.

எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இன்று எங்கள் தெருவின் முறை. நான் எழுந்திருக்கவில்லை. அவர் போய்ப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் தண்ணீர் பிடிப்பது பிளாஸ்டிக் குடத்தில்தான். பித்தளைக் குடம் என் அம்மா சீராகக் கொடுத்தது, பரணில் இருந்தது. அதை இறக்கி, துலக்கி, வாய் வரை பிடித்து, நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். இதுவும் ஒகேனக்கல் தண்ணீர்தானே என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் எழுந்து காப்பரிசிக்கு அரிசி ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, மாலை 5.20

ஆடிப்பெருக்கை வீட்டில் கொண்டாடினோம். குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, பூச்சூட்டி, மாடியில் கிழக்கு பார்த்து வைத்தேன். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் எள்ளும் பொட்டுக்கடலையும் கலந்த காப்பரிசியைப் படைத்தேன். காதோலை கருகமணியை ஆற்றில் விடுவதற்குப் பதிலாக ஒரு தாம்பாளத் தண்ணீரில் விட்டேன். தாலிக் கயிறு மாற்றும்போது அவர்தான் முடிச்சுப் போட்டார். பாய்லர் வால்வில் சுட்டுக்கொண்ட தழும்பு வலது கட்டை விரலில் இன்னும் இறுகியிருக்கிறது. புதுக் கயிறு மஞ்சள் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போக, மூன்று முடிச்சுக்கும் நீண்ட நேரம் ஆயிற்று. அவசரப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

சித்திரான்னத்தில் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நான்கு வகையும் வேண்டும், இருவருக்கு நான்கு வகை எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: மூன்று டம்ளர் அரிசியை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் ஆறவிட்டு, நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாளிப்பு ஒன்றே போதும்; அதையும் நான்காகப் பிரிக்கலாம். புளிக்காய்ச்சலை மட்டும் முந்தின இரவே தனியாகக் காய்ச்சி வைக்க வேண்டும். எலுமிச்சையை அடுப்பில் வைக்காமல் இறக்கிய பிறகு பிழியுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

மாடியில் தென்னை நிழல் விழும் மூலையில் பதினோரு மணிக்கு வாழை இலை போட்டோம். வீட்டுக்கார அம்மாவுக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு தூக்கு. புளிச் சாதத்தில் பெரிய பங்கை என் கணவர் வேலைக்கு எடுத்துப்போனார். இன்று வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் ஆற்றங்கரைக்குப் போகத் திட்டமிட்டிருந்தவர்கள். இரண்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்று பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்.

அவர் போனதும் அத்தையை அழைத்து, குழாய்த் தண்ணீருக்குப் படைத்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்தத் தண்ணீர் இருபத்தைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் நான் தினமும் படைத்திருப்பேன் என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, இரவு 9.10

அனுமந்தீர்த்தத்தில் தென்பெண்ணையில் குளித்துவிட்டு வந்ததாக ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆற்றில் முங்கி எழுவது வேறு. குடத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வது வேறு. நேற்றைய வருத்தம் முழுதும் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு எப்படியும் போவோம்.

பூசை முடிந்த குடத்துத் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்விக்கு: கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு செம்பு, மீதியைச் சமையலுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள், இரவு 10.00

குடத்தில் இருந்த தண்ணீரிலேயே இன்று மறுபடியும் களி. பண்ணைக்கீரைக் கடைசல். அவர் கவைக்கோல், நான் களிக்கோல். இந்த முறை ஒரு கட்டிகூட இல்லை. ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டவில்லை.

கிருஷ்ணகிரி வாசகி நாளை முயலப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அளவைக் கடைசியாகத் திருத்துகிறேன். ஒரு டம்ளர் மாவு, இரண்டேகால் டம்ளர் தண்ணீர், ஒரு பிடி நொய், கால் தேக்கரண்டி உப்பு. வாய் குறுகிய சிறிய பாத்திரமாக எடுங்கள். கவைக்கோல் இல்லாவிட்டால் இரண்டு தடித்த துணிகளால் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஆனால் உட்கார்ந்து பிடிக்க வேண்டும், நின்றுகொண்டு பிடித்தால் நழுவும்.